வீட்டுல கதண்டு கூடு கட்டிருச்சா? ஆள் வச்சு எடுக்குறவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்

சன்ஷேடுக்கு அடியிலயோ மாடி டேங்க் பக்கத்துலயோ வாசல் தென்னையிலயோ உருண்டையா ஒரு கதண்டு கூடு, அதான் கூட்டமா வந்து கொட்டுற பெரிய குளவியோட கூடு, தொங்குறத பாத்துட்டீங்கன்னா மொதல்ல அங்கேர்ந்து சத்தமில்லாம பின்னாடி வந்துருங்க, ஒரு முப்பது நாப்பது அடி தள்ளி. கல்ல எடுக்காதீங்க, கம்ப எடுக்காதீங்க, மண்ணெண்ணெய் தேடாதீங்க, கொசு ஸ்ப்ரேய தூக்கிட்டு ஸ்டூல் மேல ஏறாதீங்க. கூடு இன்னிக்கு காலைல முளைச்சது இல்ல, அது அங்க ஒரு மாசமோ ரெண்டு மாசமோ இருந்துருக்கும், இன்னும் ரெண்டு நாள் இருந்தா ஒண்ணும் ஆயிடாது. அந்த ரெண்டு நாள்ல பண்ண வேண்டிய வேலை நிறைய இருக்கு.

நான் தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் பூச்சி மருந்து அடிக்கிற வேலையில இருக்கேன். புதுசா வீடு கட்டி குடி போனவங்க, வெளியூர்ல இருந்துட்டு பூட்டி கிடந்த ஊர் வீட்ட திறக்குறவங்க, இவங்ககிட்டேர்ந்துதான் இந்த கேள்வி அதிகமா வருது. யார கூப்பிடுறது, என்ன கேக்குறது, வர்ற ஆள் சரியான ஆளான்னு எப்படி தெரிஞ்சுக்குறது, அவங்க வர்றதுக்குள்ள நாம என்ன செஞ்சு வைக்கணும்னு யாரும் சொல்லி குடுக்குறதில்ல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். கதண்டு கொட்டி ஆள் செத்துப்போன செய்தி நம்ம டெல்டா மாவட்டங்கள்ல வருஷா வருஷம் வருது, வயல் வேலைக்கு போனவங்க, நூறு நாள் வேலைக்கு போனவங்க, மரத்தடியில விளையாடுன பசங்கன்னு. கூடு எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சும் யாரும் எடுக்காம விட்டதாத்தான் பல இடத்துல இருக்கும், அத நெனைச்சா மனசு ஆறாது.

மொதல்ல அது என்னன்னு பாருங்க

போன் பண்ணி "சார் குளவி கூடு" அப்படின்னு சொல்றாங்க, போய் பாத்தா பாதி நேரம் அது கதண்டு இல்ல. இதுல தப்பு பண்ணா தேவையில்லாம காசும் போகும், பாவம் ஒரு உயிரும் போகும், இல்லன்னா ஆபத்தான ஒண்ண சாதாரணம்னு நெனைச்சு பக்கத்துல போயிருவீங்க. போன்ல ஜூம் பண்ணி தள்ளி நின்னு ரெண்டு போட்டோ எடுங்க, ப்ளாஷ் வேணாம்.

சுவத்து மூலையில, ஜன்னல் கிராதியில, ப்ளக் பாயிண்ட் ஓட்டையில களிமண்ண உருட்டி அப்பி வச்ச கூடுன்னா அது வேட்டுவாளி. இது கூட்டமா வாழுற குளவி கிடையாது, ஒத்தையா வந்து மண்ணு கொண்டாந்து அறை கட்டி அதுக்குள்ள சிலந்திய கொட்டி மயக்கி அடைச்சு முட்டை போட்டுட்டு போயிடும். கூட்ட காக்குறதுக்கு சண்டைக்கெல்லாம் வராது. இதுக்கு ஆள கூப்பிட வேண்டாம், அது இல்லாத நேரம் பாத்து கரண்டியால சுரண்டி எடுத்தா முடிஞ்சுது. சிலந்திய கொறைக்குதுன்னு நான் எங்க வீட்டுல அதையும் விட்டுத்தான் வச்சுருக்கேன்.

அடுத்தது காகித குளவி. சாம்பல் நிறத்துல, மூடி எதுவும் இல்லாம, அறுகோண அறையெல்லாம் கீழேர்ந்து பாத்தா நேரா தெரியும், ஒரு காம்புல தொங்கும், உள்ளங்கை அளவுக்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும். ஒல்லி இடுப்பு, சின்ன உடம்பு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல ராகவேந்திர கடக்கர் பல வருஷமா உக்காந்து ஆராய்ச்சி பண்ணது இந்த ஜாதியில ஒண்ணத்தான். இது கொட்டும், வலிக்கும், ஆனா கையோ தலையோ கூட்டுல படுற இடத்துல இல்லன்னா நீங்க உண்டு உங்க வேலை உண்டுன்னு இருக்கலாம். கேட்டு தாழ்ப்பாள் பக்கத்துல, துணி காயப்போடுற கொடியில, மீட்டர் பாக்ஸ்குள்ள இருந்தா மட்டும் எடுத்தாகணும்.

கதண்டு வேற. சில ஊர்ல கடந்தைன்னு சொல்வாங்க, பேப்பர்ல விஷ வண்டுன்னு போடுவாங்க. உடம்பு கருப்பும் காப்பி நிறமுமா இருக்கும், வயித்துல மேல்பாதியில அகலமா ஒரு மஞ்சள் இல்ல ஆரஞ்சு பட்டை, நீளம் ரெண்டரை சென்டிமீட்டர் சுமாருக்கு. கூடு முழுக்க மூடியிருக்கும், வெளியில பழுப்பும் வெள்ளையுமா அலை அலையா கோடு ஓடும், பக்கவாட்டுல ஒரு வாசல் இருக்கும், அதுல காவலுக்கு ரெண்டு மூணு தலை எப்பவும் தெரியும். காஞ்ச மரத்த கடிச்சு எச்சியோட மென்னு காகிதமா ஆக்கி கட்டுறதுதான் அந்த கூடு, உள்ள தட்டு தட்டா அடுக்கடுக்கா இருக்கும், வெளியிலேர்ந்து பாத்தா எத்தனை இருக்குன்னு கணிக்கவே முடியாது. இன்னொரு வகை இருக்கு, அது மரப்பொந்துலயும் மண்ணுக்குள்ள இருக்குற பொந்துலயும் கட்டும், கூடே வெளிய தெரியாது, ஒரு ஓட்டைக்குள்ள போறதும் வர்றதும் மட்டும்தான் தெரியும். அந்த வகையில ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், தெரியாம மேல கால் வச்சுருவோம்.

தேனீயா இருந்தா தயவுசெஞ்சு எங்கள மாதிரி மருந்து அடிக்கிற ஆள கூப்பிடாதீங்க. அகலமா ஒரே அடை தொங்கி, அது மேல தேனீயே போர்த்திக்கிட்டு இருந்தா மலைத்தேனீ, சுவத்து பொந்துலயோ காலி பொட்டிக்குள்ளயோ அடுக்கா இருந்தா பொந்துத்தேனீ. பொந்துத்தேனீய தேன் பொட்டி வச்சுருக்குறவங்க உயிரோட எடுத்துட்டு போவாங்க, கன்னியாகுமரி பக்கம் மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல இது பெரிய தொழிலே, நம்ம பக்கமும் ஆள் இருக்காங்க, தோட்டக்கலை ஆபீஸ்ல கேட்டா சொல்வாங்க. மலைத்தேனீ பொட்டியில தங்காது, கொட்டுறதுலயும் கதண்டுக்கு கொறைஞ்சது இல்ல, அதுக்கு புகை போட்டு ராத்திரியில விரட்ட தெரிஞ்ச தேன் எடுக்குறவங்கதான் வேணும்.

எடுக்கணுமா வேணாமா

கதண்டும் ஒரு பிராணிதான், வயல்ல புழுவ புடிச்சு தின்னும், ஆளில்லாத தோப்புல ஒசரமான பனையில இருந்தா அத விட்டுறலாம்னு நான் சொல்லுவேன். ஆனா மனுஷங்க நடமாடுற எடத்துல, வீட்டோட ஒட்டி, ஸ்கூல் வழியில, கிணத்தடியில, மாட்டு கொட்டாயில இருந்தா யோசிக்கவே வேண்டாம், எடுத்துருங்க. நீங்க தொந்தரவு பண்ணாம இருக்கலாம், ஆனா காத்துல மட்டை விழும், காக்கா கொத்தும், தேன்பருந்து வந்து புழு திங்க கூட்ட பிக்கும், சாவு ஊர்வலத்துல போடுற வெடி கூட்டுல படும், அப்ப கீழ யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அடி.

தேனீ ஒரு தடவ கொட்டுனா கொடுக்கு தோல்லயே மாட்டிக்கிட்டு அது செத்துரும், கதண்டுக்கு அந்த கணக்கு கிடையாது, அதோட கொடுக்கு வழவழன்னு இருக்கும், ஒரே கதண்டு திரும்ப திரும்ப கொட்டும். அதோட ஒண்ணு கொட்டும்போதும் நசுங்கும்போதும் ஒரு வாசனை வெளிய வரும், அது மத்ததுக்கெல்லாம் தாக்குன்னு உத்தரவு. அதனாலதான் ஒண்ண அடிச்சு கொன்னா கூட்டமே இறங்குது.

யார கூப்பிடுறது

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு தீயணைப்பு நிலையம், 101 இல்லன்னா 112. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைன்னுதான் அவங்க பேரே, பாம்பு கதண்டுக்கெல்லாம் வர்றது அவங்க வேலையில சேர்த்தி, கூச்சப்படாம கூப்பிடலாம். பொது எடத்துல, ரோட்டோரத்துல, ஸ்கூல் பக்கத்துல, இல்ல ஏற்கனவே யாரையாவது கொட்டி கூட்டம் கலைஞ்சு சுத்திக்கிட்டு இருந்தா மொத போன் இவங்களுக்குத்தான் போகணும். போன்ல வீட்டு அடையாளம், கூடு எத்தனை அடி ஒசரம், ஏணி போடுற மாதிரி எடமா, கரண்ட் கம்பி பக்கத்துல இருக்கா, யாருக்காவது கொட்டியிருக்கா, இந்த அஞ்சையும் மொதல்லயே சொல்லிருங்க. பகல்ல கூப்பிட்டாலும் அவசரம் இல்லன்னா இருட்டுன அப்புறம்தான் வருவாங்க, அது அலட்சியம் இல்ல, அதுதான் சரியான நேரம்.

இன்னொன்னு தனியார் பெஸ்ட் கண்ட்ரோல். வீட்டுக்குள்ள இருக்குற கூடு, லாஃப்ட், பால்ஸ் சீலிங், ஏசி அவுட்டோர் யூனிட் பின்னாடின்னு நுணுக்கமான எடத்துக்கு இவங்க தோதா இருக்கும். ஆனா கரப்பான்பூச்சிக்கு ஜெல் வைக்கிற எல்லாரும் கதண்டு எடுக்க தெரிஞ்சவங்க கிடையாது, இத நானே இந்த தொழில்ல இருந்துக்கிட்டு சொல்றேன். அதனால போன்லயே கேளுங்க.

லைசன்ஸ் இருக்கான்னு கேளுங்க. 1968 பூச்சிக்கொல்லி சட்டத்துபடி காசு வாங்கிட்டு மருந்து அடிக்கிற நிறுவனம் வேளாண்மைத் துறைகிட்ட லைசன்ஸ் எடுத்துருக்கணும், அதுக்கு பயிற்சி முடிச்ச ஆள் ஒருத்தர் கம்பெனியில இருக்கணும், மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனத்துலயும் ஹைதராபாத்துலயும் அந்த பயிற்சி குடுக்குறாங்க. அப்புறம் எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேளுங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து முடிச்சு தர்றேன்னு சொன்னா அந்த ஆள் வேணாம். என்ன டிரஸ் போடுவீங்கன்னு கேளுங்க, ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும்னு சொன்னாலும் வேணாம். என்ன மருந்துன்னு கேளுங்க, டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின் இந்த மாதிரி ஒரு பேர் வரணும், "அது ஒரு பவர்ஃபுல் மருந்து சார்" அப்படிங்கிறது பதில் கிடையாது. டப்பாவ கையில வாங்கி பாருங்க, லேபிள் கிழியாம இருக்கணும், லேபிள்ல சதுரத்துக்குள்ள ஒரு கலர் முக்கோணம் இருக்கும், சிவப்புன்னா ரொம்ப கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சைன்னு கொறைஞ்சுக்கிட்டே வரும். வீட்டுக்குள்ள சிவப்பு டப்பா வரவே கூடாது. டைக்குளோர்வாஸ் இன்னும் சில பேர் பழைய ஸ்டாக்க வச்சு அடிக்கிறாங்க, அது 2020 டிசம்பர் 31 லேர்ந்து நாட்டுலயே தடை.

கடைசியா ஒண்ணு, எடுத்த அப்புறம் மிச்சம் மீதி திரும்பி வந்தா மறுபடி வருவீங்களா, அதுக்கு தனி காசான்னு கேளுங்க. ரேட்டு ஒசரத்துக்கும் கூட்டோட அளவுக்கும் ஏத்த மாதிரி மாறும், மரம் ஏறணும்னா ஒண்ணு, ஏணி போட்டா ஒண்ணு, போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு முழு தொகையையும் முன்னாடியே பேசி எழுத்துல வாங்கிக்குங்க. வேலை முடிஞ்சு மறுநாள் பாத்துட்டு மீதி காசுன்னு வச்சுக்குறது ரெண்டு பேருக்கும் நல்லது.

நெருப்பு பத்தி

ஒரு வீட்டுல அப்பாயி ஒருத்தங்க எங்கிட்ட, "ஏந்தம்பி, இதுக்கு போயி மருந்தா, ஒரு பந்தத்த கொளுத்தி புடிச்சா முடிஞ்சுது, எங்க காலத்துல அப்படித்தானே பண்ணோம்" அப்படின்னாங்க. கூடு இருந்தது ஓட்டு சாய்ப்புக்கு அடியில, கைக்கு எட்டுற தூரத்துல மூங்கி கழி, அதுக்கு மேல காஞ்ச தென்ன ஓலை. "அப்பாயி, கூடு காகிதம், அது ஒரு நிமிஷத்துல எரிஞ்சுரும், எரியுற துண்டு எங்க விழும்னு நமக்கு தெரியாது"ன்னு காட்டுன அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. வெளிய போயிருந்தது, நெருப்புல தப்புனது எல்லாம் சேந்து ராத்திரி வெளிச்சத்த பாத்து நேரா பந்தம் புடிச்ச ஆள் மேலதான் வரும்.

தீயணைப்புத் துறை ஆளுங்களும் சில ஊர்ல ஒசரமான பனையில பந்தம் வச்சு எரிக்கிறாங்க, உண்மைதான். அவங்க கவச உடையில, தண்ணி வண்டிய பக்கத்துல நிறுத்தி, கீழ ஆள ஒதுக்கிட்டு பண்றாங்க. அத பாத்துட்டு நாமளும் பண்ணலாம்னு நெனைக்க கூடாது. பெட்ரோல் ஊத்துறது இன்னும் மோசம், ஏணி மேல நிக்கிற ஆள் மேலயே வழிஞ்சு வரும். எந்த ஆளாவது வந்து "வீட்டுல ஒரு லிட்டர் பெட்ரோல் இருக்குமா"ன்னு கேட்டா கும்பிட்டு அனுப்பிருங்க. புகையும் வேலைக்கு ஆகாது, தேனீய அடக்குற புகை கதண்ட அடக்காது.

அன்னிக்கு சாயங்காலம் நீங்க செய்ய வேண்டியது

அக்கம்பக்கத்து வீட்டுக்கு மத்தியானமே போய் சொல்லுங்க, போன்ல மெசேஜ் போட்டா பத்தாது, நேர்ல போங்க. எத்தனை மணிக்கு வேலை நடக்குது, அப்ப ஜன்னல் கதவெல்லாம் சாத்தணும், வாசல் லைட்ட அணைக்கணும், யாரும் வேடிக்க பாக்க வெளிய வரக்கூடாது. இந்த வேடிக்கதான் பெரிய பிரச்சன, ஆள் ஏணியில நிக்கும்போது கீழேர்ந்து ஒருத்தர் செல்போன் டார்ச்ச அடிப்பார், கதண்டு அந்த வெளிச்சத்துக்குத்தான் வரும். தெருவிளக்கு கூட்டுக்கு பக்கத்துல இருந்தா பஞ்சாயத்துலயோ வார்டுலயோ சொல்லி அரைமணி நேரம் அணைக்க கேளுங்க. கரண்ட் கம்பி ஒட்டி இருந்தா ஈபி லைன்மேன் வந்து சப்ளைய நிறுத்தாம யாரையும் ஏத்தாதீங்க, இதுல பேச்சே கிடையாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, வெண்டிலேட்டர், பாத்ரூம் கண்ணாடி சட்டம், ஏசி பைப் போற ஓட்டை இதையெல்லாம் பழைய துணிய வச்சு அடைங்க, லைட் எரியுற ரூம்ல இடுக்கு இருந்தா அது வழியா உள்ள வந்துரும். நாய கட்டி போடாதீங்க, உள்ள கூட்டிட்டு போங்க, கட்டுன நாயும் மாடும்தான் ஓட முடியாம மாட்டுது. கோழிய கூண்டோட தள்ளி வைங்க. கிணறு, தண்ணி தொட்டி, மீன் தொட்டி எல்லாத்தையும் மூடுங்க, நான் மேல சொன்ன மருந்தெல்லாம் மீனுக்கு கடும் விஷம், பூனைக்கும் ஆகாது. ஆஸ்துமா இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, கைக்குழந்தை, இவங்கள அன்னிக்கு ராத்திரி வேற வீட்டுல தங்க வச்சுருங்க. முன்னாடி எப்பயாவது குளவி தேனீ கொட்டி மூச்சு திணறுன ஆள் வீட்டுல இருந்தா அவங்களும் கண்டிப்பா கிளம்பணும்.

ஒரு வண்டிய வாசல் பக்கம் திருப்பி சாவியோட ரெடியா வைங்க. கிட்டத்துல ராத்திரி டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரி எதுன்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க.

வேலை எப்படி நடக்கும்

பொழுது சாஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிப்போம், அப்பதான் இரை தேடி போனதெல்லாம் கூட்டுக்கு திரும்பியிருக்கும். ரெண்டு பேருக்கு கொறையாம வரணும், ஒருத்தர் மேல, ஒருத்தர் ஏணிய புடிச்சுக்கிட்டு கீழ, ரெண்டு பேருக்கும் முழு டிரஸ். தேனீ டிரஸ் மட்டும் போட்டா பத்தாது, கதண்டு கொடுக்கு நீளம், துணி உடம்போட ஒட்டுற எடத்துல குத்திரும், உள்ள தடியா இன்னொரு அடுக்கு இருக்கணும், முகத்து வலை மூக்குல படாம தள்ளி நிக்கணும், கையுறை சேர்ற எடம் கால் பூட்ஸ் சேர்ற எடம் ரெண்டும் டேப் சுத்தணும். சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டுன டார்ச்சதான் அடிப்போம், சிவப்பு வெளிச்சம் அதுங்க கண்ணுக்கு சரியா தெரியாது.

கிட்ட போனதும் மொதல்ல காதுல விழறது உள்ளேர்ந்து வர்ற சத்தம்தான், காஞ்ச பன்னாடைய நகத்தால கீறுற மாதிரி, கூட்டோட சுவர் காகிதமா இருக்குறதால உள்ள அது நகருறது அப்படியே கேக்கும். மூச்ச கூட கூட்டு மேல படாம ஒதுக்கித்தான் விடுவோம். வாசல கண்டுபுடிச்சு நீள குழாய நேரா அதுக்குள்ள விட்டு மருந்த அடிச்சதும் அந்த கீறல் சத்தம் திடீர்னு பெரிய ரீங்காரமா ஏறும், அப்ப கைய எடுக்க கூடாது, அடிச்சுக்கிட்டே இருக்கணும், அப்புறம் மருந்துல நனைச்ச பஞ்ச வச்சு வாசல அடைக்கணும். கொஞ்ச நேரத்துல ரீங்காரம் கொறைஞ்சு நின்னுரும். அதுக்கு அப்புறமும் உடனே வெட்ட மாட்டோம், காத்திருந்து, தடி பிளாஸ்டிக் பைய கூட்டுக்கு கீழேர்ந்து மேல முழுசா ஏத்தி, காம்ப வெட்டி, பைய கட்டி, அதுக்கு மேல இன்னொரு சாக்கு. கூடு துண்டு துண்டா கீழ விழுற மாதிரி குச்சியால இடிச்சா அது தெரியாத ஆள்.

ஒரு தடவ பைய வெளிச்சத்துல வச்சு பிரிச்சு காட்டுங்கன்னு வீட்டுக்காரர் கேட்டார், காட்டுனோம். அடுக்குத் தட்டு, ஒவ்வொரு அறையிலயும் வெள்ளை புழு, சில அறைய பட்டு நூல் மூடி அடைச்சுருக்கு, அதுக்குள்ள நாளைக்கு வெளிய வரப்போறது. வெளிய பறந்துக்கிட்டு இருந்தத விட உள்ள வளர்ந்துக்கிட்டு இருந்தது அதிகம். கூட்ட அப்படியே விட்டுட்டு மேல மட்டும் மருந்து தெளிச்சுட்டு போற ஆளுக்கு ஏன் காசு குடுக்க கூடாதுன்னு அத பாத்தா புரியும். மருந்து பட்ட புழுவ மீனுக்கு போடுறேன் கோழிக்கு போடுறேன்னு யார் கேட்டாலும் குடுக்காதீங்க, எடுத்த ஆளே வீட்டுக்கும் தண்ணிக்கும் தள்ளி ஆழமா குழி வெட்டி புதைக்கணும்.

மறுநாள்

ராத்திரி வெளிய தங்குனது சிலது காலைல திரும்பி வரும், கூடு இருந்த எடத்தையே சுத்தும், அந்த எடத்துல கொத்தா உக்காரும். கூடு எடுத்தும் போகலைன்னு பதறாதீங்க, ரெண்டு மூணு நாள்ல கலைஞ்சுரும், அதுவரைக்கும் அந்த பக்கம் போக்குவரத்த நிறுத்துங்க. அதுக்கு மேலயும் எண்ணிக்கை கொறையலைன்னா ஆள திரும்ப கூப்பிடுங்க, பக்கத்துல இன்னொரு கூடு இருக்கலாம்.

கீழ செத்து கிடக்குறத வெறும் கையால பொறுக்காதீங்க, வெறுங்கால்ல மிதிக்காதீங்க, செத்த கதண்டோட கொடுக்கும் கொஞ்ச நேரம் வரைக்கும் குத்தும். துடைப்பத்தால கூட்டி மொறத்துல அள்ளி புதைச்சுருங்க. மருந்து வழிஞ்ச சுவத்தையும் தரையையும் சோப்பு தண்ணியில கழுவுங்க, கழுவுன தண்ணி கிணத்துக்கோ குளத்துக்கோ ஓடாம பாத்துக்குங்க. கூடு ஒட்டியிருந்த அடையாளத்த சுரண்டிட்டு, ஓட்டைன்னா சிமெண்ட் வச்சு பூசி, வெண்டிலேட்டர்னா கொசு வலைய ஆணி அடிச்சு மூடிருங்க. காலியான பழைய கூட்டுக்கு திரும்ப வந்து குடியேறுறது வழக்கம் இல்ல, ஆனா அதே வசதியான எடத்துல புதுசா கட்ட வரும்.

யாரையாவது கொட்டிட்டா

கைய வீசாதீங்க, அடிக்காதீங்க, குப்புற படுக்காதீங்க, தண்ணிக்குள்ள குதிக்காதீங்க, மேல சுத்திக்கிட்டே இருக்கும், மூச்சுக்கு தலைய தூக்குனா கொட்டும். துண்டோ முந்தானையோ எடுத்து முகத்தையும் தலையையும் மூடிக்கிட்டு நேரா ஓடி வீட்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ போய் கதவ சாத்துங்க.

மோதிரம், வளையல், கொலுசு இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க. சோப்பு போட்டு கழுவி, துணியில சுத்துன ஐஸ வைங்க. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வெங்காயம் தடவிக்கிட்டு நேரத்த போக்காதீங்க. மூஞ்சி உதடு நாக்கு வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழுறது, மூச்சு வாங்குறது, குரல் மாறுறது, வாந்தி, தலை சுத்தல், இதுல எது வந்தாலும் ஒரே ஒரு கொட்டா இருந்தாலும் 108 கூப்பிடுங்க. அதுக்கு மருந்து தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான், செட்ரிசைன் மாத்திரை அரிப்புக்குத்தான் ஆகும், உயிர காப்பாத்தாது. வண்டி வர்ற வரைக்கும் ஆள நிக்க வைக்காதீங்க, நடக்க வைக்காதீங்க, படுக்க வச்சு கால ஒசத்துங்க, மூச்சு திணறுனா மட்டும் சாஞ்சு உக்கார வைங்க.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியல. நிறைய கொட்டு வாங்குன ஆள் அப்ப நல்லாத்தான் பேசுவார், வலி மட்டும்தான்னு சொல்வார், வீட்டுக்கு கூட்டிட்டு வந்துருவாங்க. விஷம் தசைய கரைச்சு கிட்னிய அடைக்கிறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். ஒண்ணுக்கு கட்டங்காப்பி நிறத்துல போறது, அளவு கொறையுறது, இடுப்பு தொடையெல்லாம் கடுமையா வலிக்கிறது, இதெல்லாம் அதோட அறிகுறி. அதனால பத்துக்கு மேல கொட்டியிருந்தா, குழந்தைங்க வயசானவங்கன்னா அதுக்கு கொறைவா இருந்தாலும், நல்லா இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் அட்மிட் ஆகி ரத்தமும் சிறுநீரும் பாக்க சொல்லுங்க. எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு, கதண்டா தேனீயான்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இனிமே வராம இருக்க

மாசம் ஒரு தடவ வீட்ட சுத்தி தலைய தூக்கி பாத்துக்கிட்டே ஒரு நடை போங்க. சன்ஷேடு அடி, டேங்க் மூடி, மோட்டார் ரூம், மாடிப்படி அடி, ஏசி பின்னாடி, ரொம்ப நாளா திறக்காத ஜன்னல். எலுமிச்சம்பழ அளவுல இருக்கும்போது கண்டுபுடிச்சா அதுல ராணியும் ஒண்ணு ரெண்டு துணையும்தான் இருக்கும், அப்பவும் நீங்க கை வைக்க வேணாம், ஆனா ஆளுக்கு அது சின்ன வேலை, காசும் கொறைவு. மீன் கழுவுன செதில், கறி கழிவு, அழுகுன மாம்பழம் கொய்யா இதையெல்லாம் கொல்லையில திறந்து போடாதீங்க, கதண்டு அதுக்குத்தான் முதல்ல வரும். வெளிவாசல்ல ராத்திரி முழுக்க எரியுற வெள்ளை லைட்டுக்கு பதிலா மஞ்சள் லைட் போடுங்க.

கூடு உங்க எடத்துல இல்லாம பக்கத்து காலி மனையிலயோ ரோட்டோர பனையிலயோ இருந்தா நம்ம பொறுப்பு இல்லன்னு விட்டுறாதீங்க. மனைக்காரர் போன் நம்பர் கெடைச்சா சொல்லுங்க, கெடைக்கலைன்னா ஊராட்சி செயலர்கிட்டயோ நகராட்சியிலயோ போட்டோவோட எழுதி குடுத்து ரசீது வாங்குங்க, அதே நாள் தீயணைப்பு நிலையத்துலயும் நேர்ல போய் சொல்லுங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த மரத்துக்கு நல்லா தள்ளி, ஆளுங்க பாக்குற எடத்துல ஒரு சிவப்பு துணிய கட்டி, "கதண்டு கூடு, போகாதீங்க"ன்னு ஒரு அட்டைய எழுதி தொங்க விடுங்க, ஸ்கூல் பசங்க போற வழின்னா டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.